மேஸ்திரி சாப்பிடவில்லை

“எல்லாருக்கும் முன்னாடி பூனைக்கு எதுக்கு அத்தை சாப்பாடு வைக்கிறீங்க?”

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தன் அப்பாவைப் பார்க்க வந்த ஒரு சின்னப் பெண், சமையலறை வாசலில் நின்று ஒருமுறை இப்படிக் கேட்டாள்.

“பசிக்குதுன்னு வாய் திறந்து கேக்கத் தெரியாத ஜீவனாச்சே கண்ணு” என்று சிரித்தாள் சமையல்கார அக்கா.

அன்றிலிருந்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புண்ணியவதி என்றே பேர். எது வந்து இறங்கினாலும் முதல் பங்கு பூனைக்குத்தான். அது ருசி பார்த்த பிறகே நோயாளிகளுக்குச் சமையல் நடக்கும் என்பதால், பூனைக்கு ‘மேஸ்திரி’ என்று பேர் விழுந்தது.

அந்த மேஸ்திரி இன்று சாப்பிடவில்லை.

நேற்று மாலையே பாலில் பாதியை வைத்துவிட்டுப் போயிருந்தது. இன்று விடிந்ததும், மற்ற யாரும் வருமுன்பே, புதிதாக வந்த மீனில் ஒரு துண்டை வேகவைத்து ஆறவைத்துத் தட்டில் வைத்தாள் அக்கா. கிட்டே வந்தது. மோந்தது. மண்ணைப் போட்டு மூடுவதுபோலத் தரையைப் பறண்டிவிட்டு, மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது.

“என்னடா ராஜா, உனக்கு என்ன பண்ணுது? நீ இப்படிப் படுத்துட்டா நான் என்ன செய்வேன்?”

காய் நறுக்கும் பெண் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரி முழுக்க அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும்.

“அடுப்பைப் பத்தவைக்கட்டுமாக்கா?”

“வேண்டாம். நான் வர்ற வரைக்கும் மீனைத் தொடாதே. எதிர்த்தெரு மிருக டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன்.”

“பூனை சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரியே பட்டினி கிடக்கணுமா? நல்லா இருக்கே கதை! இன்னொரு தடவை சாப்பாடு லேட்டானா சமையலை வெளியாள்கிட்ட குடுத்துடுவேன்னு மேனேஜர் நேத்துதானே கத்தினாரு? உங்க வேலையோட என் வேலையும் சேர்ந்து போகும்!”

“வேலை போனா வேற தேடிக்கலாம்டி. உயிர் போனா எங்கே தேடுறது?” என்றபடி பூனையைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள் அக்கா.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பொரித்த மீனில் ஒரு துளி கிள்ளி நீட்டினார்.

மேஸ்திரி பாய்ந்தது. கையில் இருந்ததை விழுங்கிவிட்டு டப்பாவுக்குள்ளேயே காலை விட்டது.

“அடடே! என் சாப்பாட்டுக்கே வேட்டு வெச்சிடும் போலிருக்கே! இதுக்கு ஒரு கேடும் இல்லம்மா. நேத்து எங்கேயாவது எலி மாட்டியிருக்கும், அதான் பாலை வெச்சிடுச்சு.”

“மூக்கு, நாக்கு எல்லாம் சரியா இருக்கா டாக்டர்?”

“என்னோடதைவிட நல்லா இருக்கு.”

அக்காவின் கண்கள் நிறைந்தன. “கடவுளே, காப்பாத்திட்டே” என்று கைகூப்பியவள், பூனையை அள்ளிக்கொண்டு வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பினாள்.

சமையலறையில் மேனேஜர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“அடுப்பு பத்தலை, உலை வைக்கலை. நீங்க பூனையைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போறீங்களா?”

“சார், இந்த மீன் வேண்டாம். கொட்டிடலாம்.”

“கொட்டுறதா? துண்டு போட்டு, கழுவி, ஐஸ்ல வெச்சு அனுப்பியிருக்காங்க. பளிங்கு மாதிரி இருக்கு, பாருங்க!”

அக்கா பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். பெட்டியின் அடிவரை கையை விட்டு ஒரு துண்டை எடுத்து அதில் போட்டாள்.

“இப்ப கிட்ட வாங்க சார்.”

ஆவி எழுந்தது. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். வாயாடி குமட்டிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். அக்கா மட்டும் முகம் சுளிக்காமல் பாத்திரத்தின் மேலேயே குனிந்து நின்றாள்.

“ஐயோ, இதையா வயித்துப் புண்காரங்களுக்கும் பிள்ளை பெத்தவங்களுக்கும் குடுக்க இருந்தோம்!” மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது.

“அதான் கடவுள் கண்ணைத் திறந்துட்டாரே. முட்டை இருக்கு, கீரை இருக்கு. பத்தவைடி எல்லா அடுப்பையும்!”

அன்றைக்கு அந்தச் சமையலறையில் நடந்தது சமையல் இல்லை, பந்தயம். மதிய மணி அடித்தபோது கடைசித் தட்டும் மாடி ஏறியிருந்தது.

மேனேஜர் நர்ஸ்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கீழே வந்தார்.

“நாங்க யாரும் சந்தேகப்படாத மீனை, ஐஸ்ல கிடக்கும்போதே கண்டுபிடிச்சீங்களே! வெளியாள் பேச்சை இன்னியோட விட்டாச்சு. இந்த மூக்கு இருக்கிற வரைக்கும் இந்தச் சமையல்கட்டு உங்களுதுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். “எங்கக்கா மூக்குன்னா சும்மாவா!” என்று தன் மூக்கைத் தடவிவிட்டுக்கொண்டாள் வாயாடி.

பாத்திரங்கள் கழுவியாகி, எல்லோரும் போன பிறகு அக்கா சந்தைக்குப் போனாள். தன் காசில் ஒரு நல்ல மீனாகக் கேட்டு வாங்கி வந்தாள். வேகவைத்து, முள்ளெடுத்து, பின்கட்டில் முழுசாக மேஸ்திரியின் முன்னால் வைத்தாள். பார்ப்பதற்கு அங்கே யாருமில்லை.

மேஸ்திரி நிதானமாக மோந்தது. பிறகு தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டது.

“நல்ல மீன்தானா? நீ சொன்னா சரி” என்று அதன் முதுகை வருடினாள் அக்கா. போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு போன மோப்ப சக்தி அவளுக்கு இன்றுவரை திரும்பவில்லை என்பது, கடவுளையும் மேஸ்திரியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.