சமையலறை ஈரம்

“பாத்ரூம் தொடைக்கற துணியிலயே கிச்சனையும் தொடைக்கறியா, அங்காளம்மா? இங்க பாரு ஈரம். என்ன நாத்தம் இது!”

மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள் மருமகள் சத்யப்ரியா. நாவலூருக்குப் போகும் கம்பெனி வேன் வருகிற நேரம். அந்த அவசரமும் குரலில் சேர்ந்துகொண்டது.

சிங்க்குக்குக் கீழே மொசைக் தரையில் திட்டாக ஈரம். வேலைக்காரி அங்காளம்மாவின் கையில் பாதி தேய்த்த குக்கர். பக்கத்தில் நின்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் மாமியார் சுந்தரவல்லி. எதிர்வீட்டுக்காரர் நாய்க்குப் பயந்து ஸ்கூட்டர் மேல் ஏறி நின்ற கதையைச் சொல்லிச் சொல்லி, இரண்டு பேரும் அதுவரை வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்காளம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. ஒரு டம்ளரைக் காணோம் என்று கேட்டாலே ஊரைக் கூட்டிவிடுவாள். இன்றைக்கு என்ன ஆகப் போகிறதோ என்று சுந்தரவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அங்காளம்மா வாயே திறக்கவில்லை. துடைக்கிற துணியைக்கூடத் தேடாமல், சட்டென்று குனிந்து தன் முந்தானையாலேயே அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

“இப்படியே பண்ணினா நான் வேற ஆளத்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு சத்யப்ரியா வேனுக்கு ஓடினாள். அங்காளம்மா மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

அது துணியின் குற்றம் இல்லை என்று சுந்தரவல்லிக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவளுக்கு இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் மூட்டுவலி என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருப்பாள்.

அன்றைக்கும் உள்பாவாடை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ‘அவளைத் திட்டாதேம்மா, நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மருமகள் முன்னால் மானம் போய்விடுமே என்று, ஒருத்தியின் பிழைப்பில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டு கல்லாக நின்றாள்.

‘அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் என்னைக் காட்டிக்குடுக்காம தொடைச்சிட்டுப் போயிருக்கா.’ இந்த நினைப்பு வந்தால் சுந்தரவல்லிக்குச் சோறு இறங்காது.

இனி வருகிறவளும் இதே பழியைச் சுமக்க வேண்டாம் என்றுதான் தாம்பரத்தில் டாக்டர் அமலராணியைப் போய்ப் பார்த்தாள். பாதியைச் சொல்லி, பாதியை விழுங்கினாள்.

“இதுக்கா இவ்வளவு கூச்சம்? பிரசவம் ஆன பொம்பளைங்களுக்கு வயசாகறப்போ நிறைய பேருக்கு வர்றதுதாம்மா. யாரும் வெளிய சொல்றது இல்ல, அவ்வளவுதான்” என்றார் டாக்டர். “முதல்ல எக்சர்சைஸ் பண்ணுங்க. அதுலயும் நிக்கலைன்னா, சிறுநீர்க் குழாய்க்கு அடியில நாடா மாதிரி ஒண்ணு வெச்சுத் தாங்கல் குடுத்துடலாம். சின்ன ஆபரேஷன்தான்.”

எக்சர்சைஸில் நிற்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் மருமகளிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

“முன்னாடியே சொல்லக் கூடாதா அத்தை?” என்று கையைப் பிடித்துக்கொண்ட சத்யப்ரியா, திடீரென்று முகம் மாறினாள். “அப்போ அங்காளம்மா...”

ஆபரேஷன் முடிந்து புண் ஆறிய பிறகு, ஒருநாள் சமையலறையில் மிளகாய் நெடி ஏறி இருமினாள் சுந்தரவல்லி. பழக்கத்தில் கால்களைப் பின்னிக்கொண்டாள். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது.

அன்று மாலையே இரும்புலியூருக்குப் போய்ச் சந்து சந்தாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள் அங்காளம்மா.

“இன்னாம்மா, நீயா வந்துகீற? குந்து, குந்து” என்று பதறி ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“இப்போ எந்த வீட்ல வேலை செய்யறே?”

“எந்த வூட்டுக்கும் போறதில்லம்மா. அன்னியோட நிறுத்திக்கினேன். குந்தின எடத்துல பூ கட்றேன், அது போதும்.”

நல்லவளின் பேரைக் கெடுத்து, ஒரு வீட்டு வாசலும் மிதிக்க முடியாதபடி மூலையில் உட்கார வைத்துவிட்டோமே என்று மருகினாள் சுந்தரவல்லி. இதற்கு மேலும் மூடி மறைத்தால் அவள் மனுஷியே இல்லை.

“என்னை மன்னிச்சிடு, அங்காளம்மா. அன்னிக்குத் தரையில இருந்தது தண்ணி இல்ல. சிரிச்சா எனக்கு ஒண்ணுக்குப் போயிடும், அது என்னோடது. நீ திட்டு வாங்கறப்போ வாய மூடிக்கிட்டு நின்னேனே, பாவி! இப்போ ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், சரியாயிடுச்சு. ஆனா நீ தெரிஞ்சும் என்னைக் காட்டிக்குடுக்கலையே...”

பூக்கட்டுகிற கை அப்படியே நின்றது. மடியில் இருந்த மல்லிகை மொட்டெல்லாம் தரையில் உருள, அங்காளம்மா அவளையே வெறித்துப் பார்த்தாள்.

“இன்னாம்மா சொல்றே? அது என்னுதுன்னுல்ல நான் வெக்கப்பட்டுகினு ஓடியாந்தேன்!”