அத்தை போட்ட ரோடு

"பையன் என்ன பண்றான்?"

"கார் ஓட்டுறான் அண்ணி."

"நேத்தும் இதைத்தானே சொன்ன?"

"நேத்தும் ஓட்டினான்."

காலையில் போனில் நாத்தனார் சொன்ன பதில், மதியம்வரை ஆபீஸில் அண்ணியின் காதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் சும்மா இருக்காத இரண்டு வயதுப் பிள்ளை, வாரம் முழுக்கக் காரா ஓட்டுவான்? நாத்தனாரின் குரல் வேறு தூங்கி எழுந்த குரல். டிவி முன்னால் அவனை உட்கார வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள், வேறென்ன? தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவள், உயிராய்ப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியது தப்போ?

கையும் களவுமாகப் பிடிக்க அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

டிவி ஓடவில்லை. நாத்தனார் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் போட்டிருந்த அண்ணனின் பழைய சட்டையில், முதுகு முழுக்கப் பேனாவால் ரோடும் பாலமும் வரையப்பட்டிருந்தன. பையன் அதில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் ஒரு வாளி.

"அத்தை, ரோடு ஆடக் கூடாது."

"ஆடலடா தங்கம்" என்றவள், சட்டென்று வாளியை இழுத்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது அண்ணி நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?" அண்ணிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ரெண்டு மாசம். அவருக்குக்கூட இன்னும் சொல்லலை. போன தடவை ஊருக்கே சொன்னேன். அப்புறம் கலைஞ்சு போச்சுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அண்ணி தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இன்னும் போகவே இல்லை."

தினமும் போனில் தொண்டைவரை வந்து நின்றதை நாத்தனார் இப்போதுதான் கேட்டாள்.

"என்கூட வர்றீங்களா அண்ணி? தனியாப் போகப் பயமா இருக்கு."