பத்தாவது படிவம்

"கடைசியா யாரோட உட்கார்ந்து சாப்பிட்டீங்க?"

மாடி அறைக்காரர் யோசித்தார். இருந்த ஒரே நாற்காலியில் கிடந்த பழைய பேப்பர்களை அள்ளி அவளுக்கு இடம் பண்ணிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அறை வாசலில் அவருடைய செருப்பு மட்டும்தான் கிடந்தது.

"ஆபீஸ் கேன்டீன்ல. ரிட்டயர் ஆன அன்னிக்கு."

கட்டடக்கலை மாணவி மளமளவென்று எழுதிக்கொண்டாள். தனியாக வாழ்கிறவர்கள் சேர்ந்து குடியிருக்க அவள் வரைந்த திட்டத்தைப் பேராசிரியர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்திருந்தார். சுவர்தான் இருக்கிறது, மனுஷரைக் காணோம். பத்துப் பேரிடம் பேசி எழுதிக்கொண்டு வா என்று உத்தரவு. ஒன்பது படிவம் தேறிவிட்டது. நாளைக்குக் கடைசி நாள்.

இப்போது சாப்பாடு எப்படி என்று கேட்டாள். கீழேயிருந்து தட்டு வரும், படியில் இருக்கும் என்றார். ஆறுவதற்குள் எடுத்துக்கொள்வது அவர் சாமர்த்தியம்.

உடம்புக்கு முடியாவிட்டால்? மருந்துக் கடைக்காரர் நல்ல மாதிரி, போன் பண்ணினால் மாடியேறி வந்தே கொடுத்துவிடுவாராம்.

"கடைசியா இந்தக் கதவை யாரு தட்டினாங்க?"

"நீ தட்டறதுக்கு முன்னாடியா? கேபிள்காரர். பாவம், வீடு மாறி வந்துட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது பேரில் ஒருவர்கூட இப்படி அள்ளிக் கொடுக்கவில்லை. இனிப் பேராசிரியர் வாயைத் திறக்க முடியாது.

அந்தச் சந்தோஷத்தில் வரைபடத்தையே கட்டில்மேல் விரித்துக் காட்டினாள். நடுவில் பொதுச் சமையலறை, நீளமாக ஒரு மேஜை. எல்லா அறை ஜன்னலும் அந்த மேஜையைப் பார்த்தே திறக்கும். காலையில் யாருடைய ஜன்னலாவது திறக்கவில்லை என்றால் பக்கத்து அறைக்காரர் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

"தட்டியே ஆகணுமா?"

"ஆமா. அதான் அங்க ரூல்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் ஒவ்வோர் அறையாக நகர்ந்து, மேஜைக்கு மிக அருகில் இருந்த அறையில் வந்து நின்றது.

"இதைக் கட்டினா, இந்த ரூம் எனக்குக் கிடைக்குமா?"

அவள் வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். எழுந்து கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதெல்லாம் யாருமே இல்லாதவங்களுக்கு, அப்பா. உங்களுக்குத்தான் கீழே நாங்கல்லாம் இருக்கோமே."