கால் தெரிய வேண்டும்

பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்த கணவன் தங்கவேலின் போட்டோவைச் சிம்னி விளக்கருகே பிடித்துப் பார்த்தாள் தாயம்மா.

“மூஞ்சி நல்லா கீது. இங்கியே மாட்டு,” என்றான் தங்கவேல்.

“காலு தெரியல.”

பின்வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். அங்கும் கால் மங்கலாகத்தான் இருந்தது.

“கால வச்சி இன்னா பண்ணப் போற?”

தாயம்மா படத்தோடு தெருவுக்கு வந்தாள். காலை வெயில் நேராக விழும் தெருச்சுவரில் ஆணி அடித்து மாட்டினாள்.

மறுநாள் கழனிக்குப் போன பண்ணையாரின் வில்வண்டி அங்கே நின்றது. கள்ளிக்குப்பத்தில் அவர் எதிரே வந்தாலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும் தங்கவேல், படத்தில் செருப்புக் காலோடு கால்மேல் கால் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“என் எதிர்ல செருப்பா?”

“கழட்டச் சொல்லிப் பாருங்க,” என்றாள் தாயம்மா, படத்தைக் காட்டி.