லைன்ல இருங்க

சொர்ணலதா ஒட்டுக் கேட்பாள் என்பது சந்துக்கே தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்க முடியாது. மைசூரில் அந்தச் சந்து முழுவதற்கும் போன் இருந்தது அவள் வீட்டில் மட்டும்தான்.

அவள் கணவன் பழனி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய போன். வந்த வேகத்தில் சந்தில் எல்லோரும் அந்த எண்ணைத் தங்கள் எண்ணாக்கிக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கான மனு, தையல்காரர் கடைப் பலகை, எல்லாவற்றிலும் அதே நம்பர், பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம்.

சொர்ணலதாவும் முகம் சுளிக்காமல் கூப்பிட்டுக் கொடுத்தாள். "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து ஒரு கத்து கத்துவாள். ஆள் வரும்வரை ரிசீவர் மேஜையில் கிடக்கும். அவள் காதும் அங்கேயேதான் கிடக்கும் என்று எதிர்வீட்டு லிங்கம்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள். அண்ணனிடம் போனில் மட்டும் சொன்ன சங்கதி மறுநாளே குழாயடிக்கு வந்துவிட்டதாம்.

விஷயம் முற்றி, சந்தே கூடி நியாயம் கேட்டது. சொர்ணலதா கற்பூரம் ஏற்றி, சாமுண்டி மலை இருக்கும் பக்கம் திரும்பிச் சத்தியம் செய்தாள்.

"அந்தத் தாயி மேல ஆணை. போனை எடுக்கறது, ஆளைக் கூப்பிடறது, அதோட என்ற வேலை முடிஞ்சுது. ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் என்ற காது செவிடாப் போகட்டும்."

கற்பூரம் அணைந்தது. லிங்கம்மாவின் சந்தேகம் அணையவில்லை.

மாரக்காளுக்கு இந்தச் சண்டையில் சேர நேரமில்லை. புருஷன் போன பிறகு ஊதுபத்தி உருட்டியே மகள் ஜீவிதாவை ஆளாக்கியவள். சாமராஜநகரிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் குடும்பம் வந்து ஜீவிதாவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் முடிவு சொல்கிறோம் என்றிருந்தார்கள். இப்படியொரு இடம் இனி அமையாது என்று மாரக்காள் வேண்டாத சாமி இல்லை.

போன் வந்தது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பூத்திலிருந்து பேசுவார்கள். மீட்டருக்குப் பயந்து வைத்துவிட்டு, மறுபடி பண்ணுவார்கள். இவர்கள் வீட்டிலேயே போன் வைத்திருக்கும் பெரிய இடம். லைனிலேயே இருந்தார்கள்.

மாரக்காள் கரி படிந்த கையைக் கழுவி, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு ஓடினாள். போனில் சேலை தெரியாது என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அவள் வாசல்படியில் கால் வைக்கும்போது சொர்ணலதா ரிசீவரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு வேற எடத்துல முடிவாயிருச்சுங்க. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க. அவ்வளவுதான், வெச்சிருங்க."

வைத்தும் விட்டாள்.

"அடிப்பாவி, எந்த எடத்துல முடிவாச்சு? என்ற புள்ள உனக்கு என்ன பண்ணுனா?"

சொர்ணலதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் கேட்டு லிங்கம்மா வந்து நிற்பதைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மாரக்காள் பூத்துக்கு ஓடி சாமராஜநகருக்குப் பேசினாள். ரெண்டு இடத்தில் பேரம் பேசுகிறவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். ஜீவிதா முகம் கொடுத்துப் பேசவில்லை. மாரக்காள் மண்ணை வாரித் தூற்றினாள். பொறாமை பிடித்தவள் வீட்டு போன் நமக்கெதற்கு என்று சந்தே பூத்துக்கு மாறியது. மணியே அடிக்காததைப் பார்த்து, போன் ரிப்பேர் என்று பழனி புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

தசராவுக்கு யானை ஊர்வலம் பார்க்க மாரக்காளின் அண்ணன் தொட்டையன் ராமாபுரத்திலிருந்து வந்தார். தங்கச்சி புலம்பியதைக் கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"அந்தப் பையனா? அவனுக்கு எங்கூர்லயே ஒரு பொண்டாட்டி இருக்கறாளே. அடிச்சுத் தொரத்திட்டான். கேஸு நடந்துட்டிருக்குது. நீ எப்பிடித் தப்பிச்சே?"

மாரக்காள் நேராக சொர்ணலதா வீட்டுக்குப் போனாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். சொர்ணலதா சுவரிலிருந்த சாமுண்டி படத்தைப் பார்த்தாள்.

"தாயி கனவுல வந்து சொன்னாங்கக்கா."

"பட்டப்பகல்ல, போனுக்குப் பக்கத்துல நின்னுட்டேவா?"

சொர்ணலதா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க வர்றவரைக்கும் மாப்பிள்ளையோட அம்மா போனைக் கையில வெச்சுட்டே பையங்கிட்டப் பேசிட்டிருந்துச்சுக்கா. மொதல்ல வந்தவளாட்டம் இவ கோர்ட்டுக்குப் போக மாட்டா, கேக்க வீட்டுல ஆம்பளையே இல்லைன்னு. அதுக்கு மேல கேக்க எனக்கு மனசு வரல. கேட்டேன்னு வெளிய சொன்னா லிங்கம்மா என்னைச் சும்மா விடுவாளா? கற்பூரம் அடிச்சிருக்கறனே."

மாரக்காளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சொர்ணலதாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தீபாவளி முடிந்து வேறொரு வரன் வந்தது. மாரக்காள் கொடுத்தது அதே பி.பி. நம்பர். ஒரு காலையில் சொர்ணலதா சந்தே அதிரக் கத்தினாள்.

"அக்கா, போன்! மாப்பிள்ளை வீட்டுல இருந்து. லைன்ல இருக்கறாங்க."

ஜீவிதா பதறிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மாரக்காள் அசையவில்லை. இன்னொரு ஊதுபத்திக் குச்சியை எடுத்து நிதானமாக மாவில் உருட்டினாள்.

"இரு கண்ணு, என்ன அவசரம்? அவ நல்லாக் கேட்டு முடிக்கட்டும்."