காகித ஃபில்டர் திருடன்

"அஞ்சாவது ஃபில்டர்! மார்ச்சுலேர்ந்து இது அஞ்சாவது!"

கல்லிபெக் போட்ட கூச்சலில் நூக்குஸ் நகரச் சந்தையின் உதிரிபாகத் தெரு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கல்லிபெக் விற்பது கார் எஞ்சினுக்கான காகித ஏர் ஃபில்டர். அழுக்கானால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். எதிர்க்கடை ரெயிம்பை விற்பது சிவப்புத் துணி ஃபில்டர். துவைத்து, காயவைத்து, எண்ணெய் தடவி மறுபடியும் மாட்டலாம். வற்றிப்போன ஏரல் கடலிலிருந்து அடிக்கிற உப்புக்காற்றில் ஃபில்டர் சரியில்லாத கார் ஒரு வாரம் தாங்காது. ஆகவே இரண்டு கடைக்கும் பிழைப்பு ஓடியது. இரண்டு கடைக்காரர்களுக்கும்தான் ஏழாம் பொருத்தம்.

"உன் ஃபில்டரத் துவைக்கறதுக்குன்னே வீட்டுல தனியா ஒரு மருமக வேணும்டா" என்பான் கல்லிபெக்.

"உங்க ஃபில்டர்ல சம்சா மடிச்சுக் குடுக்கலாம்ணே" என்பான் ரெயிம்பை.

கல்லிபெக்குடையது வெறும் வாய்ச்சவடால் இல்லை. போன மாதப் புழுதிப்புயலில் சந்தைக் கார்களெல்லாம் இருமி இருமி நின்றபோது, அவனுடைய பழைய வெள்ளைக் கார் மட்டும் குதிரை மாதிரி ஓடியது. "எல்லாம் காகிதத்தோட மகிமை" என்று போனட்டைத் தட்டிக் காட்டுவான். திறந்து மட்டும் காட்டமாட்டான். கண் பட்டுவிடுமாம்.

இன்றைக்குத் திருட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. டாக்ஸி நிலையத் தலைவர் சர்சென், தம் நாற்பது கார்களுக்கும் ஒரே வகை ஃபில்டர் வாங்க வந்திருந்தார். எந்த வகை என்றுதான் முடிவாகவில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் நின்று தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்த வியாபாரம் கிடைத்தவன் நிமிர்ந்துவிடுவான்; கிடைக்காதவன் தர்பூசணி விற்கப் போகவேண்டியதுதான்.

திருடன் ரெயிம்பைதான் என்று கல்லிபெக்குக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். அவனை அம்பலப்படுத்த இதைவிட நல்ல நேரம் வராது. சந்தைத் தலைவி பீபிநாஸ் அக்காவைக் கூப்பிட்டான்.

"ரொட்டி கொண்டாங்கக்கா. ஒவ்வொருத்தரும் ரொட்டியத் தொட்டுச் சொல்லட்டும்."

தெருவின் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் போலீஸிடம் பொய் சொல்லலாம், பெண்டாட்டியிடமும் சொல்லலாம். ரொட்டியைத் தொட்டுப் பொய் சொன்னால் மட்டும் ரொட்டி அடித்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"என்னன்னு சொல்லணும்?" என்று கேட்டார் அக்கா.

"'கல்லிபெக் கடைக் காகித ஃபில்டர நான் எடுக்கல.' அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்."

"சரி. ஆனா ரொட்டி கிளம்பிட்டா எல்லார் கையையும் தாண்டித்தான் மேசைக்குத் திரும்பும். தெரியும்ல?"

"தெரியும், தெரியும். சீக்கிரம் கொண்டாங்க."

துண்டில் சுற்றிய ரொட்டி வந்தது. பேட்டரிக் கடைக்காரர் தொட்டுச் சொன்னார். டயர்க் கடைக்காரர் தொட்டுச் சொன்னார். பல்பு விற்கிறவன் சொல்லிவிட்டு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போடப் பார்த்து, அக்காவிடம் கையில் ஒரு அடி வாங்கினான்.

ரெயிம்பையின் கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது.

"சுடுது" என்றான்.

"காலைல சுட்ட ரொட்டிடா இது. ஆறிப்போய்க் கிடக்கு" என்றார் அக்கா.

ரெயிம்பை தலையைத் தொங்கப்போட்டான். "நான்தாங்கக்கா எடுத்தேன். சிவப்பத் துவைச்சு மாளல. அது காயற வரைக்கும் கார் சும்மா நிக்குது. மாவு பிசையற பேசின்ல துவைச்சேன்னு எம் பொண்டாட்டி அந்தப் பேசினாலயே அடிச்சா. காசு குடுத்து வாங்கலாம்னா, நான் எதிர்க்கடைல வாங்கறத ஒருத்தன் பார்த்தாலும் என் கடைய இழுத்து மூடணும். அதான் அண்ணன் தேநீர் குடிக்கப் போறப்பல்லாம்..."

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சர்சென் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"துவைக்கிறத விக்கிறவனே காகிதம் மாட்டறானா! அப்புறம் எனக்கென்ன யோசனை? நாற்பது காருக்கும் காகிதமே குடுப்பா!"

கல்லிபெக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. "போகட்டும் விடுங்க, அறியாப் பய. மன்னிச்சுட்டேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தான்.

"இருப்பா" என்று ரொட்டியோடு வந்தார் அக்கா. "உன் கை ஒண்ணுதான் பாக்கி."

"எனக்கெதுக்குக்கா? என் ஃபில்டர நானே திருடுவேனா?"

"அதுவும் நியாயந்தான். அந்த வாசகம் உனக்குப் பொருந்தாது." அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீ பொதுவாச் சொல்லிடு. 'இந்தச் சந்தைல அடுத்தவன் கடைப் பொருள் எதையும் நான் எடுக்கல.' சொல்லு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

சர்சென் பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கல்லிபெக்கின் கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது.

"சுடுதுக்கா" என்றான்.

ரெயிம்பை சாப்பிடப் போயிருந்த ஒரு மதியத்தில் அவன் கடையிலிருந்து காணாமல் போன சிவப்பு ஃபில்டர், வாரம் தவறாமல் துவைத்து எண்ணெய் தடவப்பட்டு, கல்லிபெக்கின் வெள்ளைக் கார் போனட்டுக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.