என்ன படிச்சிருக்கீங்க?

"அப்பா, இன்னைக்கு வர்றவங்ககிட்டயாவது படிப்பைக் கேக்காதீங்க. கூகுள்ல என்ன போட்டிருக்காங்க, பாத்தீங்களா? 'ரூம் சுத்தம், ஓனர் தொல்லை ஜாஸ்தி'ன்னு."

"சுத்தம்னு போட்டிருக்காங்கல்ல?" என்றார் ஜினதாசன்.

ஆசிரமங்களுக்கு வருவோர் தங்குவதற்காகச் செங்கம் சாலையில் அவர் நடத்தும் விடுதியில், வரவேற்பு மேசை மகள் சன்மதியின் பொறுப்பு.

"என்னை விடு. உன் ஆராய்ச்சிக்கு இடம் கெடச்சுதா?"

சன்மதி தாவரவியலில் முதுகலை முடித்தவள், உயிரியலின் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற விரும்பினாள். தாவரவியல் துறையினர் தத்துவத் துறையைக் கைகாட்டினர். தத்துவத் துறையினர் தாவரவியலைக் கைகாட்டினர்.

"தைக்குள்ள கெடைக்கலைன்னா பேங்க் பரீட்சைக்குப் படி. உருளைக்கிழங்கு ஒரு உயிரா, பல உயிரான்னு கேக்க ஒரு டாக்டர் பட்டமாம்! சமணரான நாமதான் கிழங்கே தொடறதில்லையே?"

"ஏன் தொடறதில்லைன்னு யோசிச்சதாலதாம்பா இந்தக் கேள்வியே வந்துச்சு!"

அப்போது ஆட்டோவிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தார். சேலையில் குத்தியிருந்த அட்டையில் 'மௌனம்' என்று எழுதியிருந்தது.

"வாங்க மேடம். என்ன படிச்சிருக்கீங்க?"

"அப்பா! அவங்க மௌன விரதம்."

"வாய்க்குத்தானேம்மா விரதம்? விரலுக்கு என்ன?" ஜினதாசன் தம் கைப்பேசியை நீட்டினார். "இதுல அடிச்சுக் காட்டுங்க மேடம்."

அதற்குமேல் அங்கே நிற்கச் சன்மதிக்குக் கூசியது. பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அறையைத் திறந்துவைத்துத் திரும்பியபோது, கீழே அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சன்மதிக்குப் பகீரென்றது. "ஐயோ மேடம், விரதத்தையே கலைச்சுட்டாரா? மன்னிச்சிடுங்க. எங்கப்பா எப்பவும் இப்படித்தான்."

"எதுக்கு மன்னிப்பு? நான் தேவிப்ரியா. பெங்களூருல உயிரியலோட தத்துவம் சொல்லித்தர்றேன். உங்க உருளைக்கிழங்குக் கேள்வி பிரமாதம். இந்த மாசக் கடைசிக்குள்ள விண்ணப்பம் அனுப்புங்க. நேர்காணல்ல தேறிட்டா, நானே வழிகாட்டறேன்."

சன்மதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "என் கேள்வி உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா சொல்லியிருக்க மாட்டாரே. அவருக்கு இந்தப் படிப்புன்னாலே கிண்டல்!"

ஜினதாசன் அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிண்டலா? நான் என்ன படிச்சேன்னு அடிச்சுக் காட்டினதும், மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரும்மா. 'என் பொண்ணுக்கு வழிசொல்ல இந்த ஊருக்கு யாராச்சும் ஒருத்தர் வராமலா போயிடுவாங்கன்னுதான் மேடம், வர்றவங்க ஒருத்தரையும் விடாம கேட்டுட்டிருந்தேன்'னாரு."